பட்டத்தின் பெயரை விடுங்கள், கணக்கு எங்கே என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளங்குன்றாப் பொறியியல் (சஸ்டைனபிள் இன்ஜினியரிங்) முதுநிலைப் படிப்புகள் பற்றித் தங்கள் கல்வி மலரில் வந்த கட்டுரையைப் படித்தோம். மாணவர்களும் பெற்றோரும் இத்தகைய கட்டுரைகளைக் கத்தரித்து எடுத்து வைப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறோம். 'எதிர்காலம் உள்ள படிப்பு', 'பூமியைக் காக்கும் படிப்பு' என்றெல்லாம் சொன்ன கட்டுரை, அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் மாணவர் உட்கார்ந்து என்னதான் செய்வார் என்பதைச் சொல்லவில்லை. கூடவே கட்டம் கட்டி ஓர் அட்டவணை. ஒரு கிலோ அலுமினியத்துக்கு இவ்வளவு கார்பன், எஃகுக்கு இவ்வளவு, கான்கிரீட்டுக்கு இவ்வளவு, ஆகவே கான்கிரீட்டே சிறந்தது என்று முடிவு. முதல் பருவத்தில் ஒரு மாணவர் இப்படி எழுதிக் கொடுத்தால் தாள் திரும்பி வந்துவிடும். ஏன் திரும்பி வரும் என்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

கட்டுரையாளரைக் குறை சொல்வதற்கில்லை. கிலோவுக்குக் கிலோ வைத்து ஒப்பிடத்தான் எவருக்கும் முதலில் கை போகும். ஆனால் கட்டடத்தில் யாரும் கிலோவை ஏற்றி வைப்பதில்லை, சுமை தாங்க உத்திரம் வைக்கிறார்கள். அதே சுமைக்கு எஃகு உத்திரத்தைவிடக் கான்கிரீட் உத்திரம் பல மடங்கு எடை பிடிக்கும். எனவே ஒப்பிட வேண்டியது, இத்தனை மீட்டர் இடைவெளியில் இத்தனை சுமையை இத்தனை ஆண்டு தாங்கும் ஓர் உத்திரத்தை இன்னோர் உத்திரத்தோடு. இதைப் பயன் அலகு என்கிறோம். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு ஃபங்ஷனல் யூனிட்.

சுவர்ப் பூச்சில் இது பளிச்சென்று தெரியும். கணக்கு புரிவதற்காக எண்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம். 'அ' பெயிண்ட் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் பரவும், 5 ஆண்டு நிற்கும், லிட்டருக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 'ஆ' பெயிண்ட் 8 சதுர மீட்டர்தான் பரவும், 10 ஆண்டு நிற்கும், லிட்டருக்கு 2.8 கிலோ. லிட்டர் கணக்கில் 'ஆ' 40 சதவீதம் மோசம். இப்போது பயன் அலகை '100 சதுர மீட்டர் சுவரை 20 ஆண்டுக்கு மூடி வைப்பது' என்று எழுதுங்கள். இரண்டு கோட்டிங்குக்கு 'அ' ஒரு தடவைக்கு 20 லிட்டர் பிடிக்கும். 20 ஆண்டில் நான்கு தடவை, 80 லிட்டர், 160 கிலோ. 'ஆ' ஒரு தடவைக்கு 25 லிட்டர், இரண்டே தடவை, 50 லிட்டர், 140 கிலோ. தீர்ப்பு புரண்டுவிட்டது.

அதோடு விடக்கூடாது. பத்தாண்டு நிற்கும் என்பது பெயிண்ட் டப்பாவில் எழுதியிருப்பது. சுவர் மங்கிவிட்டது என்று ஏழாவது ஆண்டிலேயே மறுபடி அடித்தால் 'ஆ'வும் மூன்று தடவையாகும், 210 கிலோவாகும், திரும்பவும் 'அ' ஜெயிக்கும். தடவைகளைப் பின்னமாக விட்டுக் கணக்கிட்டால் தீர்ப்பு மாறும் இடம் 8.75 ஆண்டு. நல்ல மாணவர் 'ஆ சிறந்தது' என்று எழுத மாட்டார். '8.75 ஆண்டுக்கு மேல் நின்றால் ஆ, இல்லையேல் அ' என்று எழுதுவார். இதற்கு உணர்திறன் பகுப்பாய்வு என்று பெரிய பெயர் இருக்கிறது, செய்வது இவ்வளவுதான்.

இந்த முறை முழுவதற்கும் ஆயுட்சுழற்சி மதிப்பீடு, சுருக்கமாக எல்.சி.ஏ., என்று பெயர். ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்ற இரு தரநிலைகள் 2006 முதல் இதற்கு இலக்கணம். இலக்கையும் எல்லையையும் வகுப்பது, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பட்டியலிடுவது, அவற்றின் விளைவை மதிப்பிடுவது, கிடைத்ததற்குப் பொருள் சொல்வது என நான்கு கட்டம். நேரத்தைத் தின்பது இரண்டாவது. ஆளைக் கவிழ்ப்பது முதலாவது. மூன்றாவதை மென்பொருள் செய்துகொடுத்துவிடும் என்று நினைப்பார்கள், அங்கேயும் வழுக்கும். ஒரு கிலோ மீத்தேன் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்ற காரணி, நூறாண்டுக் கணக்கில், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாவது அறிக்கையில் 28. ஆறாவதில் புதைபடிவ மீத்தேனுக்கு 29.8, மற்றதற்கு 27. இருபதாண்டுக் கணக்கில் எடுத்தால் 80 சொச்சம். சாணவாயுவுக்கு ஓர் அறிக்கையின் எண், இயற்கை எரிவாயுவுக்கு இன்னோர் அறிக்கையின் எண் என்று இரண்டு இடத்தில் எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த வரைபடம் செல்லாது.

பங்கீடு என்றொரு தலைவலி உண்டு. ஒரு தொழிற்சாலையில் இரண்டு பொருள் வெளிவந்தால் மாசை எப்படிப் பிரிப்பது? இரும்பு உலையில் இரும்போடு கசடும் வரும். அந்தக் கசடை அரைத்து சிமெண்டில் சேர்க்கிறார்கள். எடைப்படி பிரித்தால் கசடின் தலையில் கணிசமான கார்பன் விழும். விலைப்படி பிரித்தால் மிகச் சிறிது. கழிவுதானே என்று விட்டால் பூஜ்யம். மூன்றுக்கும் ஆதரவாக வாதம் உண்டு. எதை எடுத்தாலும் அதைச் சொல்லிவிட்டு, மற்றதை எடுத்திருந்தால் விடை எப்படி மாறும் என்றும் காட்ட வேண்டும். அடிக்கடி நடக்கும் தப்பு வேறொன்று: மறுசுழற்சி உலோகத்தைப் பயன்படுத்தியதற்கு ஒரு தள்ளுபடி, கடைசியில் அதை மறுசுழற்சிக்கு அனுப்புவதற்கு இன்னொரு தள்ளுபடி. ஒரே ரூபாயை இரண்டு பேரேட்டில் வரவு வைப்பது போல. இதைக் கண்டுபிடிக்கத் தேர்வாளருக்கு இரண்டு நிமிடம் போதும்.

மேசைக் கணக்கு மட்டும் போதாது, அளக்கவும் தெரிய வேண்டும். ஆய்வேட்டுக்காகத் தொழிற்சாலைக்குப் போகும் மாணவர் கையில், கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கும். மும்முனை மோட்டாரில் 20 ஆம்பியர் காட்டுகிறது, மின்னழுத்தம் 400 வோல்ட். மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி 13.9 கிலோவாட் என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அது கிலோவாட் அல்ல, கே.வி.ஏ., அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கிய தோற்றத் திறன். அதில் உண்மையில் வேலை செய்யும் பங்குதான் பவர் ஃபேக்டர். பாதிச் சுமையில் ஓடும் மோட்டாருக்கு அது 0.7 இருந்தால் உண்மையில் இழுப்பது 9.7 கிலோவாட். 43 சதவீதம் கூட எழுதியாகிவிட்டது. அதன் மேல் மின்சேமிப்பு, முதலீடு திரும்பும் காலம், கார்பன் குறைப்பு என்று அடுக்கிய அத்தனையும் அதே அளவுக்கு ஊதிப்போகும். பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பதியும் பவர் லாகரை மாட்டி, குறைந்தது ஒரு முழு உற்பத்திச் சுழற்சியாவது ஓடவிட வேண்டும். ஷிஃப்ட் மாறும் ஆலையென்றால் வாரவிடுமுறையும் சேர்ந்த ஒரு வாரம். இயந்திரம் சும்மா நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பது விடுமுறை நாளில்தான் தெரியும், சேமிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பம்ப் கணக்கு இன்னொரு வாடிக்கையான பள்ளம். வேகத்தைக் குறைத்து ஓட்டத்தை 80 சதவீதமாக்கினால் மின்திறன் 0.8-இன் கனம், அதாவது 51 சதவீதமாக இறங்கும் என்ற விதியைப் பாடத்தில் படித்திருப்பார்கள். அது குழாய் உராய்வை மட்டும் எதிர்த்துத் தள்ளும் மூடிய சுற்றுக்குப் பொருந்தும். மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் பம்புக்கு அதே விதியைப் போட்டுப் பாதி மின்சாரம் மிச்சம் என்று எழுதினால் போச்சு. பம்ப் எதிர்த்துத் தள்ள வேண்டிய மொத்த அழுத்த உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் உயரம், ஒரு பங்குதான் உராய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் 80 சதவீதமானால் உராய்வுப் பங்கு மட்டும் 0.2-இலிருந்து 0.128 ஆகும். மொத்தம் 0.928. மின்திறன் 74 சதவீதமாகத்தான் இறங்கும். அதுவும் தொட்டி நிரம்ப 25 சதவீதம் கூடுதல் நேரம் ஓட வேண்டும். ஒரு கன மீட்டர் நீருக்கு என்று பார்த்தால் சேமிப்பு 7 சதவீதம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சொந்த இழப்பும், குறைந்த வேகத்தில் பம்பின் திறன் தன் உச்சப் புள்ளியை விட்டு நகர்வதும் அதிலேயே கையை வைக்கும். இங்கேயும் பயன் அலகுதான் காப்பாற்றுகிறது: நமக்கு வேண்டியது மேலே போன நீர், மணிக்கணக்கு அல்ல.

ஆற்றலை மிச்சப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை சிமெண்ட் உடைத்துவிடும். சுண்ணாம்புக்கல் 100 கிராம் சூடேறிப் பிரிந்தால் 56 கிராம் சுண்ணாம்பு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. சிமெண்டாக அரைப்பதற்கு முன் உலையில் சுட்டெடுக்கும் கட்டிதான் கிளிங்கர். அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய 65 சதவீதம். ஆக ஒரு கிலோ கிளிங்கருக்கு 0.51 கிலோ கார்பன் டை ஆக்சைடு கல்லிலிருந்தே கிளம்பும். உலையைச் சூரிய ஒளியால் சூடாக்கினாலும் இது குறையாது. கிளிங்கரின் பங்கைக் குறைத்துக் கசடு, சுட்ட களிமண், அரைத்த சுண்ணாம்புக்கல் சேர்க்கலாம். வெளிவரும் வாயுவைப் பிடிக்கலாம். சிமெண்டையே குறைவாகச் செலவழிக்கும் வடிவமைப்புக்குப் போகலாம். பட்டியல் இவ்வளவு சிறியது என்று வேதியியல் தெரிந்தவருக்குத்தான் புரியும். அலுமினியத்தின் கதை நேர்மாறு. மின்பகுப்புக்கு மட்டும் கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் தேவை என்பதால், அந்த மின்சாரம் அணையிலிருந்து வந்ததா நிலக்கரியிலிருந்து வந்ததா என்பதே பெரும்பகுதி விடையைத் தீர்மானிக்கிறது. தங்கள் அட்டவணையில் அலுமினியத்துக்கு ஒற்றை எண் போட்டிருந்தது. எந்த மின்சாரத்தில் உருக்கியது என்று சொல்லாத அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஹைட்ரஜன் பற்றி ஒரு வரி. ஒரு கிலோவுக்கு 52 யூனிட் பிடிக்கும் மின்பகுப்புக் கருவியின் திறன் 64 சதவீதமா 76 சதவீதமா என்று இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால் இரண்டும் சரியாக இருக்கக்கூடும். ஹைட்ரஜன் எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தைச் சேர்க்காத தாழ்வெப்ப மதிப்பு 33.3 யூனிட்டை ஒன்றும், அதைச் சேர்த்த உயர்வெப்ப மதிப்பு 39.4 யூனிட்டை மற்றதும் 52-ஆல் வகுத்திருக்கும். எதை என்று குறிப்பிடாத சதவீதத்தைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

இவ்வளவும் சொல்லக் காரணம், படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது என்பது இதிலிருந்துதான் வருகிறது. பட்டத்தின் பெயர் வழி காட்டாது. கேம்பிரிட்ஜில் நீடித்த வளர்ச்சிக்கான பொறியியல் என்று எம்.ஃபில். இருக்கிறது. லெய்டனும் டெல்ஃப்டும் சேர்ந்து தொழில்சார் சூழலியல் என்ற பெயரில் முதுநிலை நடத்துகின்றன. வில்லனோவாவில் நேரடியாக சஸ்டைனபிள் இன்ஜினியரிங். ஒன்றுக்கொன்று உறவுள்ள பாடங்கள், வெவ்வேறு பலகை. மறுபுறம், பழைய இயந்திரவியல் அல்லது வேதிப்பொறியியல் முதுநிலையிலேயே இந்த வேலைக்குத் தேவையான அத்தனையும் கிடைக்கும் துறைகளும் உண்டு.

ஆகவே துறையின் பாடத்திட்டத்தை இறக்கி, வரவேற்புரையைத் தாண்டி, பாடங்களின் பட்டியலுக்குப் போங்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பொருட்சமநிலையும் ஆற்றல் சமநிலையும் எங்கே வருகின்றன? எல்.சி.ஏ. கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா, அல்லது 'அறிமுகம்' என்ற ஒரு வாரமா? அதில் மாணவரே ஒரு பொருளை எடுத்து முழுக்கணக்குப் போடும் திட்டப்பணி உண்டா? புள்ளியியல் இருக்கிறதா? ஆற்றல், நீர், பொருள்கள், கட்டடம் இவற்றில் ஏதேனும் ஒன்றில் மூன்று நான்கு பாடம் ஆழமாகப் போக இடமிருக்கிறதா? எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி பரிமாறும் படிப்பில் சேர்ந்தவருக்கு ஆய்வேடு எழுத உட்காரும்போதுதான் எதிலும் பிடி இல்லை என்று தெரியவரும். கொள்கை, சட்டம், செலவுக் கணக்கு ஆகியவை ஓரிரு பாடம் இருப்பது நல்லதே. பாதிக்கு மேல் அவையே இருந்தால் அது மேலாண்மைப் படிப்பு. அதில் தவறில்லை, தெரிந்து சேர்ந்தால் சரி.

துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை. பொருள்களின் எல்.சி.ஏ. தரவைத் தொகுத்து வைத்திருக்கும் எக்கோஇன்வென்ட் போன்ற தரவுத்தளத்துக்கு மாணவர் உரிமம் இருக்கிறதா? கணக்குப் போடும் ஓப்பன்எல்சிஏ மென்பொருள் இலவசம், பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு பிரைட்வே இருக்கிறது. ஆனால் மென்பொருள் வெறும் சட்டிதான். உள்ளே போடும் தரவுக்குக் காசு. உரிமம் இல்லாத துறையில் மாணவர்கள் ஆளுக்கொரு கட்டுரையிலிருந்து எண்களைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஒன்றில் போக்குவரத்து சேர்ந்திருக்கும், இன்னொன்றில் இருக்காது. எல்லைகள் பொருந்தாத எண்களைக் கூட்டி வரும் விடைக்கு மதிப்பில்லை.

எந்தப் பொறியியல் இளநிலையிலிருந்தும் இந்தப் படிப்புக்கு வரலாம், ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டை இருக்கும். கட்டடவியலாருக்கு வெப்பப் பரிமாற்றம், மின்னியலாருக்குப் பொருட்சமநிலை, கணினியாருக்கு வெப்ப இயக்கவியல் முழுதுமே. சேருவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அடைத்துவிடக்கூடிய ஓட்டைதான். சோதித்துப் பார்க்க ஒரு பயிற்சி: மின்கெட்டிலில் ஒரு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 100 வரை ஏற்றுங்கள். தேவையான வெப்பம் 314 கிலோஜூல், அதாவது 87 வாட்-மணி. பிளக்கில் செருகும் மின் அளவி அதைவிடக் கூடுதலாகக் காட்டும். 105 காட்டியது என்று வையுங்கள். மீதி 18 எங்கே போயிற்று என்று கெட்டிலின் உடல், ஆவி, பக்கவாட்டு வெப்ப இழப்பு, கொதித்த பிறகு ஸ்விட்ச் அணையும்வரை கழிந்த நொடிகள் எனப் பிரித்து எழுதுங்கள். பிறகு எல்லையைத் தள்ளி வையுங்கள். 35 சதவீதத் திறனுள்ள அனல்மின் நிலையம் அந்த 105-க்கு 300 வாட்-மணி எரிபொருளை எரித்திருக்கும், கம்பிவழி இழப்பு தனி. 83 சதவீதமாகத் தெரிந்த திறன் 29 ஆகிவிட்டது. கெட்டில் அதேதான், நாம் போட்ட கோடு நகர்ந்தது. இந்தப் பயிற்சி சுவையாக இருந்தால் படிப்பும் சுவையாக இருக்கும். சலிப்பாக இருந்தால் இப்போதே தெரிந்துகொண்டது லாபம்.

விண்ணப்பத்தில் எழுதும் நோக்க உரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'சிறு வயது முதலே இயற்கையை நேசிக்கிறேன்' என்று தொடங்குவதைத் தேர்வுக்குழு வேகமாகத் தாண்டிவிடும். ஒரு செயல்முறை, அதில் ஓர் எண், அந்த எண் ஏன் தங்களை உறுத்துகிறது, அதை அவிழ்க்க என்ன கற்க வேண்டும் என்று ஒரு பக்கம் போதும். பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய இரண்டு கட்டுரைகளைப் படித்து, எல்லை வகுத்ததிலோ பங்கீட்டிலோ ஒரு கேள்வி கேளுங்கள். பாடவழி முதுநிலைக்கு உதவித்தொகை அரிது, ஆய்வுவழி முதுநிலைக்கு ஆய்வுத் திட்டத்திலிருந்து ஊதியம் வர வாய்ப்பு அதிகம் என்பதையும் கட்டணம் கட்டும் முன் யோசிக்க வேண்டும்.

ஆய்வேடு பெரும்பாலும் தரவில்தான் கவிழும். நிறுவனம் வாய்மொழியாக 'தருகிறோம்' என்று சொல்லும். இரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாக இரண்டு மாதம் போகும். கடைசியில் கிடைப்பது ஆலை முழுவதற்குமான ஆண்டு மின்கட்டண ரசீது. பன்னிரண்டு பொருள் தயாரிக்கும் ஆலையில் ஒரு பொருளின் பங்கை அதிலிருந்து பிரிக்க முடியாது. எனவே தலைப்பு முடிவாகும் முன்பே, எந்த மீட்டர் எந்த இயந்திரத்தை அளக்கிறது என்ற ஒற்றைக்கோட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். துணை மீட்டர் இல்லையென்றால் நாமே பொருத்த அனுமதி எழுத்தில் வேண்டும். உண்மை எண்களை வெளியிட நிறுவனம் மறுத்தால், பழைய முறையை 100 என்று வைத்து விகிதமாக வெளியிட இசைகிறதா என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். இரண்டும் கைகூடாத தலைப்பை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

வேலை பற்றிக் கட்டுரை தாராளமாகவே சொல்லியிருந்ததால் ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதிப் பொருளின் கார்பனுக்கு விலை வைக்கும் எல்லைக் கார்பன் சரிக்கட்டு முறையை 2023 அக்டோபரில் அறிக்கை தரும் கட்டமாகத் தொடங்கியது. சிமெண்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதில் வருகின்றன. அங்கே பொருள் அனுப்பும் ஆலைக்குத் தேவைப்படுவது பசுமை முழக்கம் எழுதித் தருபவர் அல்ல. ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று சரிபார்ப்பவர் முன் கணக்கைப் பிரித்து வைக்கத் தெரிந்தவர்.

தங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை படிப்புகளின் பட்டியலை வெளியிடும்போது கட்டணம், காலம், இடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு மூன்று நெடுவரிசைகளைக் கூடுதலாகப் போடுங்கள்: எல்.சி.ஏ. கட்டாயப் பாடமா, ஆய்வேட்டுக்கு எத்தனை கிரெடிட், தரவுத்தள உரிமம் உண்டா. துறைகளிடம் கேட்டால் ஒரே நாளில் பதில் வந்துவிடும். வராத துறைக்கு நேரே கோடு போட்டுவிடுங்கள், வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். மற்றது, அந்தக் கிலோ அட்டவணைக்கு ஒரு திருத்தம். எண்களை மாற்றக்கூட வேண்டாம். 'ஆகவே கான்கிரீட்டே சிறந்தது' என்ற கடைசி வரியை எடுத்துவிட்டு, அலுமினியத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த மின்சாரத்தில் உருக்கப்பட்டது என்று குறித்தால் போதும்.

இப்படிக்கு,
பொறியியல் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளை வழிநடத்தும் ஆசிரியர்கள் சிலர்